ஒன்பதாம் கேள்வி: உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

1. ஃபாரம் வந்த நாள்

துபாய்க்குப் பக்கத்தில், ராஸ் அல் கைமாவில் ஒரு தனியார் கிளினிக்கில் பதினெட்டு வருஷம் குழந்தை டாக்டராக டியூட்டி பார்த்தேன். சளி, காய்ச்சல், தடுப்பூசி, "பால் குடிக்கவே மாட்டேங்கறான் டாக்டர்." இதுதான் என் உலகம். ஒருநாள் துப்பாக்கியைப் பற்றியெல்லாம் பேச வேண்டிவரும் என்று மதுரையில் படித்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, புதிதாக வந்த மெடிக்கல் டைரக்டர் என் மேசையில் ஒரு கட்டு ஃபாரம் வைத்தார். எகிப்துக்காரர், தங்கமான மனிதர், ஆனால் எதையும் ஃபாரமாக்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். செக்கப்புக்கு வரும் ஒவ்வொரு குழந்தையின் பெற்றோரிடமும் வீட்டுப் பாதுகாப்பு பற்றிப் பன்னிரண்டு கேள்வி கேட்க வேண்டும். பால்கனிக்கு கிரில் உண்டா, மாத்திரை எங்கே வைக்கிறீர்கள், கரப்பான் மருந்து எங்கே, இப்படிப் போய் ஒன்பதாவது கேள்வியில் நின்றது. வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? இருந்தால் பூட்டியிருக்கிறதா? குண்டு தனியாக இருக்கிறதா? சாவி யாரிடம்?

முதலில் மாட்டியவர் செராமிக் ஃபாக்டரி இன்ஜினியர் ஒருவர். கோயம்புத்தூர்க்காரர். மனைவி மடியில் ஒன்றரை வயதுப் பையன்.

"வீட்ல துப்பாக்கி ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "என்னங்க டாக்டர், யாராச்சும் எம்மேல கம்ப்ளைன்ட் குடுத்துட்டாங்களா?" என்று பர்ஸிலிருந்து எமிரேட்ஸ் ஐடியை எடுத்து மேசையில் வைத்தார்.

மனைவிக்கு ஒரு பதற்றமும் இல்லை. "எங்கூட்ல இருக்கற ஒரே ஆயுதம் தேங்கா துருவறதுதானுங்க. அதையும் இவரு கையில தொட மாட்டாரு," என்றார். ஸ்டாஃப் நர்ஸ் லிஸ்ஸி சிரிப்பை அடக்க முடியாமல் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஒரு வாரத்துக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. டாக்டரம்மா சிஐடியில் சேர்ந்துவிட்டார் என்று தமிழ்க்காரர்கள் வாட்ஸாப் குரூப்பில் ஓட்டினார்கள். சூப்பர்மார்க்கெட்டில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் ஒருவர் கையைத் தூக்கிக் காட்டி, "சரண்டர் டாக்டர்!" என்றார். எனக்கு மானம் போயிற்று. அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். உள்ளே வருகிறவர்கள் தமிழ் பேசினால், அவர்கள் உட்காருவதற்குள் ஒன்பதாம் கேள்விக்கு நானே "இல்லை" என்று டிக் போட்டுவிடுவேன். நம்ம ஆளுங்க வீட்டில் ஏது துப்பாக்கி? மலையாளிகளுக்கு லிஸ்ஸி அதையே செய்தாள். எங்களுக்கு நேரமும் மிச்சம், மானமும் மிச்சம்.

2. அபு சயீத்தின் ரைஃபிள்

உள்ளூர் அரபிக் குடும்பங்களிடம் மட்டும் ஒழுங்காகக் கேட்போம். அவர்களுக்குப் பயமும் கிடையாது, கூச்சமும் கிடையாது. அபு சயீத் என்று ஒருவர், மலைப்பக்கம் பெரிய தோட்டமும் வீடும் உள்ளவர். இரண்டு வயதுக் கடைக்குட்டி ராஷிதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஒன்பதாம் கேள்வியை லிஸ்ஸி அரபியில் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்து போட்டோ காட்டினார். அவருடைய அப்பா வைத்திருந்த பழைய ரைஃபிள், விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸ் சுவரில் தொங்கியது. லைசன்ஸையும் காட்டினார். பத்து நிமிஷம் அந்த ரைஃபிளின் பெருமையைக் கேட்டோம். வெளியே மூன்று குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன.

"இன்னைக்கு ராஷித் தரையில ஓடறான், நாளைக்கு சோபா மேல ஏறுவான். குழந்தை இருக்கற இடத்துல அது வேண்டாம்," என்று சொல்லச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்துத் தலையாட்டினார்.

அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்து நின்றார். "டாக்டர், பேபி வீட்ல பந்தூக் மாஃபி. கலாஸ்!" என்றார். இனி வீட்டில் துப்பாக்கி கிடையாது, வேலை முடிந்தது என்று அர்த்தம். நான் பெரிதாக ஒரு டிக் போட்டேன். ஸ்டாஃப் மீட்டிங்கில் டைரக்டர் என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். துப்பாக்கி அங்கிருந்து எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

3. யாழினி மூடிய கண்

இரண்டு மாதம் கழித்து முருகேசன் என்ற டிரைவர் தன் ஐந்து வயது மகள் யாழினியோடு வந்தார். ராமநாதபுரம் பக்கம். ஒரு அரபி முதலாளி (இங்கே 'அர்பாப்' என்பார்கள்) வீட்டில் அவர் டிரைவர், மனைவி அங்கேயே சமையல், தங்குவது அந்த வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஒரு ரூமில். ஸ்கூல் அட்மிஷனுக்கு மெடிக்கல் வேண்டும். வழக்கம்போல, அவர் வணக்கம் சொல்லும்போதே ஒன்பதாம் கேள்விக்கு "இல்லை" என்று டிக் போட்டுவிட்டேன்.

நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தினால் காய்ச்சல் காட்டுமே, அந்த தெர்மாமீட்டரை லிஸ்ஸி மேசையில் வைத்தாள். யாழினி அதை எடுத்தாள். பிள்ளைகள் எல்லாரும் எடுப்பதுதான். ஆனால் இவள் அதைத் தோளில் முட்டுக்கொடுத்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடினாள்.

"எங்க வீட்ல இதவிடப் பெருசு இருக்கு டாக்டர்."

"என்னது கண்ணு?"

"கட்டிலுக்கு அடியில. பச்சப் பையில. நான் தூக்கிப் பாத்தேன், ரொம்ப கனம்."

முருகேசன் முகத்தில் ரத்தமே இல்லை. "டிவியில பாத்தத சொல்லுது மேடம்," என்றார்.

யாழினிக்குக் கோபம் வந்துவிட்டது. "டிவி இல்லப்பா! அர்பாப் குடுத்தாருல்ல? அதுல இருந்த மஞ்சக் குண்ட உருட்டி வெளையாண்டேன்ல?"

ஃபாரத்தில் நான் போட்ட டிக் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே மீன் தொட்டியைக் காட்டச் சொல்லி யாழினியை லிஸ்ஸியோடு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினேன்.

"உங்க அர்பாப் யாரு முருகேசன்?"

"அபு சயீத் மேடம். அவரு கடசிப் புள்ளைக்கு எந்த டாக்டரோ சொன்னாங்களாம், புள்ள இருக்கற வீட்ல துப்பாக்கி கூடாதுன்னு. அன்னைக்கு வண்டி ஓட்டிட்டு வந்ததே நான்தான், கீழ பார்க்கிங்ல கெடந்தேன். மறுநாள் பையக் கொண்டாந்து, 'முருகா, உன் ரூம்ல வை, பத்திரமா இருக்கும்'னு குடுத்துட்டாரு."

எந்த டாக்டர் என்று எனக்குத் தெரிந்தது. பேரீச்சம்பழம் தின்ற டாக்டர்.

"திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?"

"எப்படி மேடம்? வேணாம்னு சொன்னா வேலை போயிருமோன்னு பயம். லைசன்ஸ் அவரு பேர்ல. எவனாவது பாத்து போலீசுக்குச் சொன்னா, எங்க ரூம்லதான இருக்கு? வெளிய சொல்லவும் பயம். மேடம், நீங்களும் சொல்லிராதீங்க."

"உள்ள குண்டு இருக்கா?"

"அத எப்படிப் பாக்கறதுன்னே எனக்குத் தெரியாது மேடம்."

4. ஒரு போன் கால்

முருகேசன் வேலை ஒரு பக்கம், அந்தக் குழந்தை ஒரு பக்கம். எதை முதலில் பார்ப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரைக் காட்டிக்கொடுக்காமல் பேச ஒரு வழி இருந்தது. பழி என்னுடையதுதானே, அதை நானே எடுத்துக்கொண்டால் போயிற்று.

லிஸ்ஸியைக் கூப்பிட்டு, அபு சயீத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டோம். "ராஷிதோட ஃபாரத்துல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், ஒரு கேள்வி கேக்காம விட்டுட்டேன். அந்த ரைஃபிள் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்கச் சொன்னேன்.

டிரைவர் ரூமில் இருக்கிறது என்றார். டிரைவர் மிகவும் நம்பிக்கையானவர், பத்து வருஷப் பழக்கம், டாக்டர் கவலைப்பட வேண்டாம் என்றார்.

"அந்த ரூம்ல யார் யார் இருக்காங்க?"

"முருகன், அவன் மனைவி..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். லைன் கட்டாகிவிட்டதோ என்று லிஸ்ஸி போனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "யாழினி," என்று அந்தக் குழந்தையின் பெயரைச் சொன்னார்.

அன்று யாழினிக்கு மெடிக்கல் என்பது அவருக்குத் தெரியும். அவர்கள் கிளினிக்கில் இருந்தால் தான் கூப்பிடும்வரை அனுப்ப வேண்டாம், இப்போதே வீட்டுக்குப் போய் எடுத்துவிடுகிறேன் என்றார். மகனுடைய கடையில் இருந்தவர் தானே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவ்வளவு நேரம் நடுங்கிக்கொண்டிருந்த முருகேசனுக்கு இப்போது வேறு கவலை. "தனியா ஓட்டிட்டுப் போறாரா? அவருக்கு ரிவர்ஸ் வராதே மேடம்!"

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். என் டிராயரில் இருந்த கிரீம் பிஸ்கட் அத்தனையையும் யாழினி காலி செய்தாள். அபு சயீத் போன் செய்யவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். ஆபீஸ் ரூம் இரும்பு அலமாரியில் ரைஃபிளைப் பூட்டி, குண்டுகளை வேறு பெட்டியில் வைத்துப் பூட்டி, இரண்டையும் போட்டோ எடுத்திருந்தார். சாவி கழுத்தில் கயிற்றில் தொங்கியது. எடுக்கும்போது ரைஃபிளுக்குள் ஒரு குண்டு இருந்தது என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

பிறகு முருகேசன் தோளில் கைவைத்து, "மாஃப் கரோ, முருகா," என்றார். பத்து வருஷத்தில் அர்பாப் தன்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் தடவை என்று முருகேசன் பிற்பாடு சொன்னார். அப்போதைக்கு அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பின் பம்பர் போச்சு," என்று மட்டும் சொன்னார்.

5. கற்றுக்கொண்டது

அன்று அந்த ஃபாரத்தில் என் டிக்கை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். டைரக்டரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒன்பதாம் கேள்வியில் இன்னொரு வரி சேர்த்தார்: எடுத்துவிட்டீர்கள் என்றால், இப்போது அது எங்கே, அங்கே குழந்தை உண்டா?

புதிதாக டியூட்டியில் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உள்ளே வருகிறவர் முதலாளியானாலும் டிரைவரானாலும் நம்ம ஊர்க்காரரானாலும் அதே கேள்வியை அதே குரலில் கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். துப்பாக்கி எங்கே போனது என்று கேட்காமல் நான் டிக் போட்டதால் ஒரு குழந்தை இரண்டு மாதம் குண்டு போட்ட துப்பாக்கிக்கு மேல் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

மறு வருஷம் யாழினி செக்கப்புக்கு வந்தாள். முன்பல் இரண்டு இல்லை, வாய் மட்டும் இரண்டு மடங்கு. நான் டிக் போடாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்பதாம் கேள்வியைக் கேட்டேன்.

"இல்ல. சாவி அர்பாப் கழுத்துல," என்றாள். "உங்க வீட்ல இருக்கா டாக்டர்?"

"எங்க வீட்ல இல்லம்மா."

"கட்டிலுக்கு அடியில பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அன்று டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், குனிந்து பார்த்தேன்.