பெரியப்பா தின்னாத எலும்பு

பெரியப்பா ஒரு இட்லியைத் தின்று முடிப்பதற்குள் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவேன். கலெக்டர் ஆபீஸில் வேலை, வேங்கிக்காலில் சொந்த வீடு என்று நன்றாக இருந்த மனிதருக்கு, அந்த வருடம் சோறு தொண்டையில் நின்றுகொண்டது. தண்ணீர் இறங்கும், மோர் இறங்கும், சோறு இறங்காது. அவர் விழுங்கும்போது தொண்டை ஏறி, தயங்கி, இறங்குவதை எதிரே உட்கார்ந்து பார்ப்பது எனக்கு டிவியைவிடச் சுவாரசியம். சட்டை தொளதொளத்துப் போனதைக் கவனித்தது பெரியம்மாதான்.

ஆனால் ஆஸ்பத்திரி என்று யாராவது வாயெடுத்தால் பேச்சை மாற்றிவிடுவாள். அடி அண்ணாமலையில் தொக்கம் எடுக்கும் ஓர் அம்மாவிடம் எங்களைக் கூட்டிப்போனாள். தொண்டையில் சிக்கியதை உறிஞ்சி வெளியே எடுப்பதுதான் தொக்கம் எடுப்பது. அந்த அம்மா பெரியப்பாவின் கழுத்தில் சின்னக் குழலை வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் துப்பினார். நகத்துண்டு அளவுக்கு ஓர் எலும்பு! தோலில் ஓட்டையே இல்லாமல் எப்படி வந்தது என்று நான் அவர் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

பெரியம்மாவுக்கு வேறு கேள்வி. பௌர்ணமி கிரிவலம் போக ஆரம்பித்ததிலிருந்து பெரியப்பா கறியைத் தொடாதவர்.

"எந்தக் கடையில பிரியாணி தின்னீங்க?"

"அண்ணாமலையார் மேல சத்தியமா தின்னலடி!"

ஆட்டோ வீடு சேரும்வரை சண்டை. எலும்பு வந்த பிறகும் சோறு இறங்கவில்லை. ஒருநாள் கஞ்சிகூடப் புரையேறி மூச்சு முட்டியதும், அப்பா பிடிவாதமாக எல்லோரையும் வேலூருக்குக் கூட்டிப்போனார். நானும் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் காட்டிய படத்தில், கழுத்தெலும்பிலிருந்து கிளி மூக்கு மாதிரி ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்கம்மா. இவரோட கழுத்தெலும்புதான் வளந்து உணவுக்குழாய அழுத்துது. சோத்த நல்லா கொழைய வச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. ஜாஸ்தியாச்சுன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

"எலும்புதானா சார்? வேற ஒன்னும் இல்லியே?"

திரும்பத் திரும்ப அதையே கேட்ட பெரியம்மா, பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் முன்னாலேயே விம்மி விம்மி அழுதாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எலும்பு இருக்கிறது என்று சண்டை போட்டவளே அவள்தான். ஜெயித்த பிறகு எதற்கு அழுகிறாள் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவளுடைய அப்பாவும் இப்படித்தான் சோறு இறங்காமல் இளைத்து, புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார் என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.