சிவப்பு வரியை ஒழித்தவர்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில் அவரை எல்லோரும் சீனியர் என்றே கூப்பிட்டார்கள். வயதுக்குக் கிடைத்த பட்டம்; வேலைக்குக் கிடைத்ததாக அவர் மட்டும் நம்பினார். பிழை என்றால் அவருக்குத் திரையில் வரும் சிவப்பு வரி, அவ்வளவுதான். அது மறைந்துவிட்டால் பிழையும் தொலைந்தது. ஏன் வந்தது என்று கேட்பவர்களை வேலை தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவார்.

நோயாளிகளுக்குப் போகும் குறுஞ்செய்தி ஒருநாள் நின்றுபோனது. செய்தியில் முடிவு வந்து உட்கார வேண்டிய இடத்தில் %d என்று இருந்தது. அது எண்ணை மட்டும்தான் ஏற்கும். ரத்தத்தைச் சோதிக்கும் கருவியோ முடிவை வெறும் எழுத்தாக அனுப்பிக்கொண்டிருந்தது. சிவப்பு வரி சொன்னதும் அதைத்தான். சீனியர் அதை முழுதாகப் படிக்கவில்லை. வருவதை முழு எண்ணாக மாற்றும் கட்டளை ஒன்றை நடுவில் செருகினார். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அது வெட்டி எறிந்துவிடும். செய்தி போக ஆரம்பித்தது. தசமம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள், நிரலைச் சோதிக்கும் பெண்.

"ஓடுற வண்டியை எதுக்கும்மா தொறந்து பாக்குற?"

கொஞ்ச நாளில் அவருடைய அண்ணனுக்குக் கால் வீங்கி, அதே கூடத்தில் சிறுநீரகச் சோதனை எடுத்தார்கள். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 1, அதாவது சரியான அளவு, என்று செய்தி வந்தது. சீனியர் அதைப் பார்த்துவிட்டு, அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார், டாக்டரிடம் போய் மெனக்கெட வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். கால் வீக்கத்துக்கு அந்தத் தீர்ப்பு தெரியவில்லை. அது ஏறிக்கொண்டே போனது. அண்ணி கூடத்துக்கே போய், கருவி அச்சடித்த சீட்டை வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தாள். அதில் 1.9 என்று இருந்தது.

"தம்பி, மெஷின் சொல்றது உண்மையா, உங்க மெசேஜ் சொல்றது உண்மையா?"

பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. வாய்தான் வழக்கம்போல் முந்திக்கொண்டது.

"மெஷின்ல ஏதோ கோளாறு அண்ணி. எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"கோளாறுன்னா எதுக்குக் காட்டணும்?"

அன்றைக்கே அண்ணனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

மறுநாள் சீனியர் தன் கட்டளையை அழித்துவிட்டு, %d இருந்த இடத்தில் எதையும் வந்தபடியே காட்டும் %s-ஐப் போட்டார். முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஓரெழுத்து வேலை. நிரலைச் சோதிக்கும் அந்தப் பெண் பின்னால் வந்து நின்றாள்.

"இதுக்கு முன்னாடி போன மெசேஜெல்லாம் தப்பு சார். அவங்களுக்கெல்லாம் சொல்லணுமே."

சீனியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரையைத் தட்டிக் காட்டினார்.

"சிவப்பா ஏதாவது தெரியுதாம்மா?"