சைபருக்கு வந்தவை

வேப், அதுதான் மின் சிகரெட், விக்கிற கடையில வேலை எண்டு சொன்னால் சனம் முதலில என்ர முகத்தைப் பாக்கும், பேந்து விரலைப் பாக்கும், கடைசியா "நீரும் இழுக்கிறனீரோ?" எண்டு கேக்கும். இல்லையப்பா, இல்லை. நான் வாழ்க்கையில இழுத்தது தடிமன் வந்தால் போர்வைக்குள்ள பிடிக்கிற நொச்சி ஆவி மட்டும்தான்.

கடை கெபெக்கில, பியர்பொன்ட்ஸ் எண்ட இடத்தில, ஒரு பீட்சாக் கடைக்கும் பல் டாக்குத்தருக்கும் நடுவில இருக்கு. வெளியில இருந்து பாத்தால் உள்ளுக்கு ஒண்டும் தெரியக்கூடாது எண்டு இஞ்ச சட்டம், அதால கண்ணாடி முழுக்க மறைச்சுக் கிடக்கு. எங்கட ஆக்களுக்கு அது நல்ல வசதி. காரை நிப்பாட்டேக்க ஆரும் கண்டால் பல்லுக்கு வந்தது எண்டு சொல்லலாம். கவுண்டருக்குப் பின்னால நிண்டு சிரிச்சுச் சிரிச்சுத் தாடை நொந்தவை ஆராவது இதை வாசிக்கிறியளோ? அப்ப உங்களுக்கு மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை.

முதல் இழுவை

குணம் அண்ணை பள்ளிக்கூட பஸ் ஓடுறவர். பெரிய பனி ஜாக்கெட்டோட, சிகரெட் மணக்க மணக்க முதல் தரம் வந்து நிண்டார். நான் எல்லாருக்கும் ஒப்பிக்கிறதை அவருக்கும் ஒப்பிச்சன். போத்திலில இருக்கிற நம்பர்தான் நிக்கொட்டின்ர அளவு. கூடின நம்பரில துவங்கி மெல்ல மெல்ல இறங்கவேணும். சைபர் எண்டால் நிக்கொட்டினே இல்லை, வெறும் ஆவி.

அண்ணை எல்லாத்துக்கும் "ஓம், ஓம்" எண்டு தலையாட்டினார். ஒரு சொல்லும் காதில ஏறேல்லை. கடைக்குள்ள இழுக்கக்கூடாது எண்டதால வெளியில போய், சிகரெட்டை இழுக்கிற மாதிரி நெஞ்சு நிறைய ஒரு இழுவை இழுத்தார். இருமின இருமலுக்குப் பல் டாக்குத்தரின்ர ஆக்களும் எட்டிப் பாத்திச்சினம். கண்ணால தண்ணி ஓட ஓடத் திரும்பி வந்து கவுண்டரைப் பிடிச்சுக்கொண்டு கேட்டார்: "தங்கச்சி, உண்மையைச் சொல்லும், இது சிகரெட்டை விடுறதுக்கோ, உயிரை விடுறதுக்கோ?"

லூக் குறைச்ச கதை

லூக் தச்சு வேலை செய்யிறவர், கெபெக் பிரெஞ்சுக்காரர். கடை திறந்த காலத்தில இருந்து வாறார். பன்னிரண்டில துவங்கி, ஆறுக்கு இறங்கி, மூண்டில வந்து நிக்கிறார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பன்னிரண்டில இருக்கேக்க அவர் கொண்டுபோனது ஒரு சின்னப் போத்தில். மூண்டுக்கு வந்தாப்பிறகு பைக்குள்ள போத்தில்கள் ஒண்டோட ஒண்டு முட்டிக் கிணுகிணுக்கும். முந்தி இழுக்கிற மெஷின் சட்டைப் பையுக்குள்ள இருந்தது. இப்ப கயிறு கட்டிக் கழுத்தில தொங்குது.

கனகாலமா இழுக்கிறவை முக்காவாசிப் பேர் இப்பிடித்தான். துவங்கேக்க "எப்ப விடலாம்?" எண்டு கேப்பினம். இரண்டு மூண்டு வருசம் போனால் "பற்றரி எவ்வளவு நேரம் நிக்கும்?" எண்டு கேப்பினம். ஒருநாள் எனக்குப் பொறுக்கேலாமல், என்ர அரைகுறைப் பிரெஞ்சில, "லூக், நீங்கள் குறைச்சனீங்களோ கூட்டினனீங்களோ?" எண்டு கேட்டன். மனிசன் பெரிய நியாயவாதி மாதிரி நெஞ்சை நிமித்திக்கொண்டு சொன்னார்: "மதாம், நீங்கள் நிக்கொட்டினைக் குறைக்கத்தான் சொன்னனீங்கள், இழுக்கிறதைக் குறைக்கச் சொல்லேல்லையே!"

மாம்பழம் போன நாள்

ரகு சென்னைக்காரர், இஞ்சினியர், டொலார்டில வீடு. அவருக்கு மாம்பழ வாசம் இருந்தால்தான் வேப். அரசாங்கம் பழ வாசங்களை எல்லாம் நிப்பாட்டி, புகையிலை வாசத்தை மட்டும் விட்டுவைச்சுது. ரகு வந்து அலுமாரியில மாம்பழப் போத்தில் இருந்த வெறும் தட்டைப் பாத்துக்கொண்டு நிண்ட நிலை, செத்தவீட்டுக்கு வந்தவை நிக்கிற மாதிரி. "சிகரெட்ட விட்டப்பகூட இவ்ளோ ஃபீல் பண்ணலங்க" எண்டார்.

புகையிலை வாசத்தை முகத்தைச் சுழிச்சுக்கொண்டு வாங்கிப் போனார். பேந்து வரவரக் குறைஞ்ச நம்பராக் கேட்டார். பேந்து ஆளையே காணேல்லை. கனநாளுக்குப் பிறகு தமிழ்க் கடையில மாம்பழப் பெட்டியோட கண்டன். "வேப் என்ன மாதிரி?" எண்டன். வெக்கப்பட்டுச் சிரிச்சார்: "இத்தன வருஷமா நிக்கோட்டின்னு நினைச்சேங்க, கடைசில பாத்தா எனக்கு அடிக்‌ஷன் மாம்பழத்துக்குத்தான்!"

குணம் அண்ணையின்ர கராஜ்

லூக்குக்கு வராத கெட்டித்தனம் குணம் அண்ணைக்கு வந்தது. ஒவ்வொரு நம்பரா இறங்கி, போன மாசியில சைபருக்கே வந்திட்டார். எனக்கெண்டால் என்ர பிள்ளை சோதினை பாஸ் பண்ணின மாதிரிச் சந்தோசம். "அண்ணை, வீட்டில அக்காவுக்குச் சொல்லிட்டியளோ? துள்ளிக் குதிச்சிருப்பா!" எண்டன். அண்ணை திரும்பி வாசலைப் பாத்தார். "மூச்சு விடாதையும். அவவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது" எண்டார்.

எனக்கு விளங்கேல்லை. கூடாத பழக்கத்தை ஒளிச்சவையைக் கண்டிருக்கிறன், அதை விட்டதை ஒளிச்ச முதல் ஆள் இவர்தான். பேந்துதான் விசயம் வெளியில வந்தது. சனி ஞாயிறு எண்டால் அவற்ற வீடு நிறையச் சொந்தக்காரர். ஆற்ற கலியாணத்துக்கு ஆர் போகேல்லை, ஆர் புது வீடு வாங்கினது எண்டு மத்தியானம் துவங்கினால் பொழுதுபட்டாலும் முடியாது. நடுவில எழும்பிப் போனால் மரியாதை இல்லை. ஆனால் "ஒருக்கா வேப் அடிச்சிட்டு வாறன்" எண்டு கராஜுக்குப் போனால் ஒருத்தரும் மறிக்காயினம். மாமியாரே "பாவம், பழகிட்டார், போகட்டும்" எண்டுவாவாம். முந்தி நிக்கொட்டினுக்காகக் கராஜுக்குப் போன மனிசன், இப்ப கராஜுக்காக நிக்கொட்டின்ர பேரை வைச்சிருக்கிறார்! போகேக்க என்னைப் பாத்துக் கும்பிடாத குறையாச் சொன்னார்: "நான் விட்டிட்டன் எண்டு தெரிஞ்சால், தங்கச்சி, பிறகு நான் என்னத்தைச் சொல்லி வெளியில வாறது?"

மலர் அக்காவின்ர நேர்த்தி

அடுத்த கிழமையே குணம் அண்ணையின்ர மனிசி மலர் அக்கா வந்து நிக்கிறா. அவ கார்டெறி எண்டு இஞ்ச சொல்லுற பிள்ளை பராமரிப்பு இடத்தில சின்னப் பிள்ளையளைப் பாக்கிறவ. நாலு பக்கமும் பாத்திட்டு, "பிள்ளை, அவற்ற போத்திலில இருக்கிற நிக்கொட்டினை அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு விடுமன்" எண்டா. ஐயோ கடவுளே! சைபருக்குக் கீழ நான் எங்க போறது? "அப்பிடிச் செய்யேலாதக்கா, சட்டம் விடாது" எண்டு மழுப்பினன்.

நெத்தியை அமத்திப் பிடிச்சுக்கொண்டு அக்கா இருந்தா. "என்னக்கா, சுகமில்லையோ?" எண்டன். அப்பதான் சொன்னா. தைப்பூசத்தண்டு முருகனுக்கு நேர்த்தி வைச்சவவாம், இவர் நிக்கொட்டினை விடும்வரைக்கும் தான் தேத்தண்ணி குடிக்கிறேல்லை எண்டு. விடியக்காலமை ஒண்டு, வேலைக்குப் போகேக்க ஒண்டு, வந்தவுடன ஒண்டு எண்டு குடிச்ச மனிசி. வீட்டில கேட்டால் வயித்துக்குச் சரிவராது எண்டு சொல்லி வைச்சிருக்கிறா. பின்னேரமானால் தலையிடி, பிள்ளையள் அழுதால் தானும் சேர்ந்து அழவேணும் போல இருக்குமாம்.

கவுண்டருக்குப் பின்னால நிக்கிற சனமே, சொல்லுங்கோ, நீங்களெண்டால் என்ன செய்வியள்? வாடிக்கையாளர் சொன்ன ரகசியத்தை மனிசியிட்டைச் சொல்லலாமோ? அண்டைக்கே குணம் அண்ணைக்கு ஃபோன் எடுத்து, "அக்காவிட்டை உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, கெதியாச் சொல்லுங்கோ" எண்டன். "பாப்பம், பாப்பம்" எண்டு வைச்சிட்டார். நேர்த்தியைப் பற்றி நான் வாய் திறக்கேலாது, அது அக்காவின்ர ரகசியம். அண்டைக்குக் கடையை விட்டுப் போகேக்க அக்கா சொன்ன சொல்லுத்தான் என்னை நித்திரை கொள்ள விடேல்லை: "அவருக்கு நிக்கொட்டின் எப்பிடியோ எனக்குத் தேத்தண்ணி அப்பிடிப் பிள்ளை, நான் விட்டுக் காட்டினால்தானே முருகன் அவரையும் விட வைப்பான்."

தேருக்கு அடுத்த நாள்

கோடை வந்து, டொலார்ட் முருகன் கோயில் தேரும் முடிஞ்சுது. அடுத்த நாள் கடை திறந்த கையோட மலர் அக்கா ஓடி வாறா, முகம் வெளிறிப்போய். "பிள்ளை, நீர் அவருக்கு என்னத்தைக் குடுத்தனீர்?" எனக்குத் திக்கெண்டுது. நேற்று அண்ணை மெஷினை வீட்டு மேசையில விட்டிட்டுத் தேருக்குப் போனவராம். முந்தியெண்டால் இழுக்காமல் கொஞ்ச நேரம் போனாலே எல்லாரோடயும் எரிஞ்சு விழுற மனிசன். நேற்று வடம் பிடிச்சு, சனத்துக்குச் சோறு பரிமாறி, பின்னேரம் வரைக்கும் ஒரே சிரிப்பாம். "நிக்கொட்டினை விட மோசமான ஏதோ ஒண்டு பழகிட்டார். போதைக் குளிசையோ? சொல்லும்!" எண்டு அக்கா அழத் துவங்கிட்டா.

அந்த நேரம் பாத்துக் கதவைத் திறந்துகொண்டு குணம் அண்ணை வாறார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து விறைச்சுப் போச்சினம். "நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?" எண்டார் அண்ணை. "நான் பல்லுக்கு வந்தனான், நீங்கள்?" இதுக்குள்ள நான் செய்த வேலையைக் கேளுங்கோ. அண்ணையின்ர தலையைக் கண்டவுடன, பழக்கதோசத்தில என்ர கை தன்ர பாட்டில தட்டுக்குப் போய், அவர் வழமையா வாங்குற போத்திலை எடுத்துக் கவுண்டரில வைச்சிட்டுது. முன்பக்கத்தில பெரிசா ஒரு சைபர். அக்கா பாத்தா. போத்திலைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "சைபர் எண்டால் நிக்கொட்டின் இல்லைத்தானே? எப்ப இருந்து?" எண்டா. அண்ணை தலையைக் குனிஞ்சுகொண்டு "மாசியில இருந்து" எண்டார்.

"மாசியோ!" எண்டு அக்கா போட்ட சத்தத்தில நான் இரண்டடி பின்னுக்குப் போனன். பேந்து நேர்த்தி, தேத்தண்ணி, தலையிடி எல்லாம் அழுகையும் ஏச்சுமா வெளியில வந்தது. அண்ணை அப்பிடியே ஸ்டூலில இருந்திட்டார். "எனக்காகவோ நீர் தேத்தண்ணியை விட்டனீர்? நான் வயித்துக் குத்து எண்டெல்லோ நினைச்சன்" எண்டு அவருக்கும் கண் கலங்கிப் போச்சு. எனக்கு அழுறதோ சிரிக்கிறதோ தெரியேல்லை. ஓடிப்போய்க் கேத்திலைப் போட்டன். கடையில இருந்தது பழைய தேயிலைப் பைக்கற்றும் கோப்பிக்கு விடுற பாலும்தான். கோப்பையை நீட்டிக்கொண்டு, "முருகனிட்டை முதலில சொல்லவேணுமோ அக்கா?" எண்டு கேட்டன். "அவனுக்கு மாசியிலேயே தெரியும், எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை" எண்டு வாங்கி ஒரு வாய் குடிச்சா. கண்ணை மூடிக்கொண்டு நிண்டா. அந்த முகத்தைப் பாக்க எனக்கு மனம் நிறைஞ்சு போச்சு.

அண்ணை மெஷினைப் பையுக்குள்ள இருந்து எடுத்துக் கவுண்டரில வைச்சார். "இதையும் எறிஞ்சு விடும் தங்கச்சி, எனக்கு வேண்டாம்" எண்டார். அக்கா கோப்பையை விடாமல், மற்றக் கையால மெஷினை எடுத்துத் திரும்ப அவற்ற பையுக்குள்ள வைச்சா. கராஜ் விசயமும் அதுக்குள்ள அவவுக்கு வடிவா விளங்கிட்டுது போல. "வைச்சிருங்கோ அப்பா, ஆனால் கராஜில எனக்கும் ஒரு கதிரை போடுங்கோ. உங்கட அக்கா வந்து கதைக்கத் துவங்கினால் நான் எங்க போறது?"

இத்தனை வருசம் இந்தக் கவுண்டருக்குப் பின்னால நிண்டு நான் படிச்சது, நிக்கொட்டினைக் குறைக்க எங்கட தட்டில எல்லா நம்பரும் இருக்கு, சொந்தக்காரரைக் குறைக்கத்தான் ஒரு போத்திலும் இல்லை.