வெயிலில் போட்ட வில்

துருக்கி வில் செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நடுவில் மரம், உள்பக்கம் எருமைக் கொம்பு, வெளிப்பக்கம் மாட்டுத் தசைநார். மூன்றையும் பிடித்துவைப்பது தோலைக் காய்ச்சி எடுத்த பசை. ஒட்டிய பிறகு ஓராண்டாவது காயவேண்டும். துபாயில், எங்கள் கராமா ஃபிளாட்டில், ஏசி ஓடும் அறையில் என் வில் ஏறக்குறைய காய்ந்துவிட்டது. அடுத்த மாதம் முதல்முறையாக நாணேற்ற இருந்தேன்.

அப்போதுதான் மதுரையிலிருந்து மாமனார் வந்தார். ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தால் அறையில் வில்லைக் காணோம். பால்கனியில், ஆகஸ்ட் வெயிலில், விரித்த வேட்டியின்மேல் கிடந்தது. சூட்டிலும் ஈரக்காற்றிலும் பசை இளகி, ஒரு முனையில் கொம்பு மரத்தைவிட்டுப் பிரிந்திருந்தது.

“என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க?”

“நீதானம்மா இன்னும் காயலேன்னு தினமும் புலம்புன? ஏசி ரூம்ல எப்படிக் காயும்?”

“இது என்ன வத்தலா மாமா?”

“வத்தலே தேவலை. மைனா வந்து வில்லு நாரக் கொத்துது. காலையிலேருந்து விரட்டிக்கிட்டே இருக்கேன்.”

அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. வழுக்கைத் தலை சிவந்திருந்தது. உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தேன்.

பிரிந்த இடத்தில் மறுபடி பசை தடவினேன். அவர் அழுத்திப் பிடிக்க, நான் கயிறு சுற்றினேன்.

“இனி எத்தனை நாள் காயணும்?”

“இன்னொரு வருஷம். ரூமுக்குள்ள.”

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனாலும், என் வில்லுக்காக இத்தனை வெயில் தாங்கியவர் வேறு யாருமில்லை.