ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்த வீடு

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில், ஹார்பர் ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த காலம். கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் இடத்தில் என் கணவர் மேஸ்திரி. அடுத்த பொங்கலுக்குள் அவருக்கு ரிடையர்மென்ட். ரிடையரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். இனி நாங்கள் இரண்டு பேர் எங்கே போய் இருப்பது? காலைக் காபியில் ஆரம்பித்தால் ராத்திரி பாய் விரிக்கிற வரைக்கும் வீட்டில் இதே பேச்சுதான்.

எனக்கு ராயபுரத்தை விட்டு நகர இஷ்டமில்லை. நான் ஞானஸ்நானம் வாங்கிய கோயில் அங்கே, கழுத்தில் தாலி ஏறியதும் அங்கேதான். ஆனால் ராயபுரத்து வாடகை எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இல்லை. அதைவிடப் பெரிய கவலை அவருடைய நெஞ்சு. வாழ்நாள் முழுக்கக் கரித்தூசியிலேயே நின்ற மனிதர். நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மார்புக்குள்ளே யாரோ விசில் ஊதுகிற மாதிரி சத்தம் கேட்கும். "தூசி இல்லாத இடமா, கடல்காத்து வர்ற இடமா பாத்துப் போயிடுங்க. இன்னும் கொஞ்ச வருஷம் நல்லா இருக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ராயபுரமாவது கோயிலாவது, அந்த விசில் நின்றால் போதும் என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புரோக்கர் காத்திவாக்கத்தில் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார். எண்ணூர் கழிமுகத்துக்குப் பக்கம். ஓட்டு வீடு, சுற்றிலும் இடம், நல்ல தண்ணீர்க் கிணறு, கூப்பிடு தூரத்தில் கடல். விலையைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராயபுரத்தில் அந்தக் காசுக்கு ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது.

எனக்கு ஒரு குணம் உண்டு. எதையும் ஏன், எதற்கு என்று நோண்டாமல் விடமாட்டேன். வீட்டில் எனக்குப் பெயரே 'சி.ஐ.டி.' இத்தனை வசதியுள்ள வீடு ஏன் இவ்வளவு மலிவு? மீன்காரியைக் கேட்டேன், பேய் இருக்கும் என்றாள். கோயிலில் பாட்டுப் பாடுகிற டீச்சரம்மாவைக் கேட்டேன், மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும் என்றார். எதிர்வீட்டுக்காரர் பத்திரத்தில் வில்லங்கம் இருக்கும் என்றார். புரோக்கர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். வெள்ளம் வந்ததில்லை, பத்திரம் சுத்தம், பேய் வந்தால் தன்னிடம் அனுப்பச் சொன்னார்.

சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஞாயிறு தவிர மற்ற நாளில் என் கணவர் லீவு போட்டால் அது சாவுக்கோ கல்யாணத்துக்கோதான். காலைப் பூசை பார்த்துவிட்டு, நாஷ்டாவை முடித்துக்கொண்டு எண்ணூர் பஸ் பிடித்தோம்.

போய் இறங்கியதும் எனக்கே மனசு இளகிவிட்டது. என்ன ஒரு அமைதி! அந்தக் குப்பத்தில் பெரும்பாலும் எங்கள் வேதக்காரர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். கட்டுமரமெல்லாம் மணலில் ஏறிப் படுத்திருந்தது. மேற்கே, ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபேக்டரியின் புகைபோக்கி சும்மா நின்றது. அதைச் சுற்றி ஒரு பருந்து பறந்துகொண்டிருந்தது. என் கணவர் வாசலில் நின்று கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுத்து விட்டார். விசில் சத்தம் கேட்கவில்லை. "சோக்கா கீதுமே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

வீட்டுக்காரி கணவனை இழந்தவள், என் வயதுதான் இருக்கும். காசிமேட்டில் மகளோடு போய் இருக்க வேண்டும் என்று வீட்டை விற்கிறாள். பேச்சுவார்த்தை எல்லாம் அவள் மச்சினர்தான். அவள் கதவோரம் நின்று கேட்டதற்கு மட்டும் தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிறும் போனோம், அதற்கடுத்த ஞாயிறும் போனோம். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தோம். அவர் ஈசிச்சேர் போட இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார். வருகிற ஞாயிறு முன்பணம் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. ஹார்பரில் எல்லோரிடமும் சொல்லியும் விட்டார்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் போன அத்தனை தடவையும் கொல்லைப்புறக் கொடியில் இடம் இல்லாமல் துணி காய்ந்தது. நாலைந்து வெள்ளைப் புடவை, விரிப்பு, தலையணை உறை, ஜன்னல் துணி. ஒற்றை ஆள் இருக்கிற வீட்டில் இத்தனையா? அதுவும் ஞாயிற்றுக்கிழமையா? வாசல் நிலையில் சிலுவை, உள்ளே மாதா சுரூபத்துக்கு விளக்கு. நாங்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஊசியில் நூல்கூடக் கோர்க்கமாட்டோம், ஆண்டவருடைய நாள். இவள் மட்டும் ஏன் வாரத் துணியை எல்லாம் அன்றைக்கு வெளுக்கிறாள்?

இவரிடம் கேட்டேன். "அவ துணி, அவ தொவைக்கிறா. உனக்கு இன்னாமே பேஜாரு?" என்றார். நியாயம்தான். ஆனால் எனக்குத் தூக்கம் வரவேண்டுமே!

புதன்கிழமை காலை அவர் வேலைக்குப் போனதும், எறா வாங்கப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, கையில் ஒரு பையோடு பஸ் ஏறிவிட்டேன். வெளிர் மஞ்சளில் ஒரு மெல்லிய வாயில் புடவை கட்டியிருந்தேன். ஏன் புடவையைச் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

இறங்கியதும் இடம் மாறி இறங்கிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. புகைபோக்கி திகுதிகுவென்று புகைந்துகொண்டிருந்தது. காலை நேரம், காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. அந்தப் புகை முழுக்க அப்படியே தாழ்ந்து குப்பத்தின் மேல் வந்தது. அந்த வீட்டின் கொடியில் ஒரு கந்தல்கூட இல்லை. கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் இடுக்குகளில் கோணிச் சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தாள்.

கதவைத் தட்டினேன். திறந்தவளுக்கு என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். டீ போட்டு, டம்ளர் மேல் ஒரு மூடி வைத்துக் கொடுத்தாள். டீக்கு எதற்கு மூடி என்று நான் அதை எடுத்துக் கீழே வைத்தேன். கதை பேச ஆரம்பிப்பதற்குள் டீயின் மேல் மிளகுத்தூள் தூவியது மாதிரி கறுப்பு கறுப்பாக மிதந்தது. ஓட்டு இடுக்கு வழியாக இறங்குகிறது!

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. இருந்தாலும் வந்த காரியத்தைக் கேட்டே விட்டேன். "ஏம்மா, ஞாயித்துக்கெழம இன்னாத்துக்கு நீ தொவைக்கிறே?"

அவள் என்னையே பார்த்தாள். சட்டென்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எத்தினியோ பேர இட்டாந்தாரு எக்கா அந்த புரோக்கரு. எல்லாம் ஞாயித்துக்கெழமதான் இட்டாருவாரு. கெணறு கேட்டாங்க, பத்திரம் கேட்டாங்க, பாம்பு கீதான்னுகூட கேட்டாங்க. என் துணிய பத்தி ஒருத்தர் கேக்கல. அன்னிக்கு ஒரு நாளுதான் அந்த ஃபேக்டரிக்கு லீவு. மத்த நாள்ல வெள்ளத்துணி போட்டா சாயங்காலம் கரித்துணிதான் எடுக்கணும். கோயில் சாமியாருகூட திட்டினாரு, ஞாயித்துக்கெழம வேல செய்றியேன்னு. ஒரு திங்கக்கெழம ஒணத்துன பொடவய எடுத்துக்கினு போயி அவருகிட்ட காட்டினேன். அப்பால அவரு கம்முனு வுட்டுட்டாரு."

மச்சினர் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவளுக்கும் இதை விற்றால்தான் மகளிடம் போக வழி. நான் நேராகவே கேட்டேன், நான் வந்து கேட்காமல் இருந்தால் விற்றிருப்பாயா என்று. அவள் பொய் சொல்லவில்லை.

"வித்துருப்பேன் எக்கா. ஆனா உன் வூட்டுக்காரரு அன்னிக்கு வாசல்ல நின்னுகினு கண்ண மூடி மூச்சு இஸ்தாரு பாரு. அத்த பாத்ததுல இருந்து எனக்கு சோறு எறங்கல. யாராவது வந்து கேக்க மாட்டாங்களான்னு கீது."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால், மனிதர் நம்பவே இல்லை! எனக்கு ராயபுரத்தை விட மனசு வராது என்று அவருக்குத் தெரியும் அல்லவா? "நீ இங்கியே இருக்கணும்னு கத கட்றே" என்று எகிறினார். புடவையை விரித்துக் காட்டினேன். மஞ்சளெல்லாம் கறுப்புப் புள்ளி. பஸ் தூசி என்றுவிட்டார். கோபத்தில் பேசப் பேச இருமல் வந்துவிட்டது. அது அடங்கும்வரை நான் முதுகைத் தடவிவிட்டேன்.

"ஒரே ஒரு நாளு லீவு போட்டுட்டு வா. நான் சொன்னது பொய்யின்னா, நானே முன்னால பாத்திரத்த தூக்கினு அங்க வந்து குந்துறேன்" என்றேன்.

என்ன நினைத்தாரோ, வெள்ளிக்கிழமை லீவு போட்டார். சாவும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஹார்பரில் எல்லோரும் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்களாம்.

அங்கே போய் இறங்கியதும் அவர் புகைந்துகொண்டிருந்த புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். அந்த வீட்டுக் கொல்லைக்குப் போனார். துவைக்கிற கல்லின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலில் ஒட்டியதைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார், மோந்து பார்த்தார். அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகனுடைய கையெழுத்தைப் பார்த்த தகப்பன் மாதிரி அடையாளம் கண்டுகொண்டார்.

"இது நம்ம கரிமே. ஹார்பர்ல இருந்து வேகன்ல இங்கதான் வருது. இத்தினி வருசமா நான் எறக்குன கரி, எனக்கு முன்னாடியே இங்க வந்து குந்திக்கினு கீது" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈசிச்சேர் போடுவதற்காக அவர் பார்த்து வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரி கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என்ன திட்டப்போகிறாரோ என்று எனக்கும் பயம்தான். அவர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "பயப்படாதம்மா, உன் வூட்ட நான் வித்துத் தரேன்" என்றார். எனக்கே அது ஆச்சரியம்.

சும்மா வாய்ப்பேச்சு இல்லை. காசிமேட்டில் விசைப்படகு வைத்திருந்த அவருடைய தோஸ்து ஒருவர் வலைகளையும் கயிறுகளையும் போட்டு வைக்க எங்காவது இடம் தேடிக்கொண்டிருந்தார். என் கணவர் இன்னொரு லீவும் போட்டு, புதன்கிழமையாகப் பார்த்து அவரை அழைத்துப்போய்ப் புகையைக் காட்டினார். அந்த மனிதர் ஒரு தரம் யோசித்தபோது, இவர்தான் "வலைக்கு இருமல் வராது நைனா, வாங்கிப் போடு" என்றார். வீடு கைமாறியது.

எங்களுக்கு ராயபுரத்திலேயே, கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு சின்ன போர்ஷன் கிடைத்தது. ஒரே ரூம், ஒரு சமையல்கட்டு. வாடகை போக மிச்சத்தில் மாசக்கடைசி இழுபறிதான். வாசல் கிழக்கே பார்த்திருந்ததால் மத்தியானமானால் காற்று வரும். கிணறு இல்லை, தோட்டம் இல்லை, ஆனால் கரி இல்லை. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் வேறு வேறு வேளையில் போய் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் நான் சரி என்றேன். வீட்டுச் சொந்தக்காரர் எனக்குக் கொஞ்சம் புத்தி பிசகு என்றே நினைத்திருப்பார். அந்த வாசலில் ஈசிச்சேரைப் போட்டு என் கணவர் பேரன் பேத்திகளைப் பார்க்கிற வரைக்கும் இருந்தார். விசில் சத்தம் முழுக்க நிற்கவில்லை, ஆனால் குறைந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோதுகூட நான் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு புதன்கிழமை போய் நின்றேன். பையனுடைய அம்மா தலைவிரிகோலமாக மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறாமல், குந்துங்க என்று மணையைத் தள்ளினாள். இந்த இடம் சரிதான் என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன்.

காத்திவாக்கத்துக்காரி காசிமேட்டுக்கு மகளிடம் வந்து சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவளைப் பார்க்கப் போனேன். பேசிக்கொண்டே கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். பழக்க தோஷம். கொடி காலியாக இருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமயாச்சே எக்கா, யாராவது துணி தொவைப்பாங்களா?" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவள் மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். என் கணவருக்குக் கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு மூச்சும், தன் நஷ்டத்தைப் பார்க்காமல் எனக்கு உண்மையைச் சொன்ன அந்தப் பெண் கொடுத்தது என்றுதான், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டுக் கொடி காலியாகக் கிடந்தாலும் எனக்குத் தோன்றுகிறது.