ஒரு புரதத்துக்கு வைத்த நேர்த்தி

தொண்ணூறாம் ஆண்டு, இந்தியப் படை போய், கொழும்பு ரயில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அந்தச் சில மாதங்களில், முகம் வழிக்கும்போது என் தாடைக்குக் கீழே ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வேப்பங்கொட்டை அளவுதான். நோகவில்லை. நோகாத கட்டிதான் பொல்லாதது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு.

மனைவி என்னைக் கேட்கவில்லை. நேரே சுவாமி அறைக்குப் போய், தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்தாள். கண் நோய்க்கு வெள்ளிக்கண், கால் நோய்க்கு வெள்ளிக்கால் என்று செய்து சந்நிதியில் வைப்பது எங்கள் வழக்கம். அவள் வைத்த நேர்த்தி கொஞ்சம் அகலமானது.

"எது பிழைச்சதாலை இந்தக் கட்டி வந்ததோ, அதின்ரை உருவை வெள்ளியிலை செய்து தாறன் எண்டு சொன்னனான்" என்றாள்.

"கழுத்தெண்டு சொல்லியிருக்கலாமே?"

"கழுத்துத்தான் பிழையெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? சுவாமியோடை கதைக்கேக்கை தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லக்கூடாது."

ஆஸ்பத்திரியில் கட்டியை வெட்டி எடுத்தார்கள். புற்றுநோயா இல்லையா என்பதை அந்தச் சதையை நுணுக்குக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார் டாக்குத்தர். கொழும்பில் தனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அங்கே அனுப்பினால் விடை கெதியாக வரும் என்றும் சொன்னார். மனைவியின் தம்பி அந்தக் கிழமை கொழும்புக்குப் போக இருந்தான். எங்களூரில் இருந்து கொழும்புக்குப் போகிறவன் வெறுங்கையோடு போக முடியாது. என் சதை ஒரு சின்னப் போத்தலுக்குள், பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டானுக்கும் எள்ளுப்பாகுக்கும் நடுவே குந்திக்கொண்டு ரயிலில் போயிற்று. நான் அதுவரை கொழும்பு பார்த்ததில்லை.

அந்த நாட்களில்தான் என் தங்கையின் மகள் வந்தாள். மருத்துவபீடத்தில் படிக்கிறவள். கட்டி ஏன் வருகிறது என்று மனைவி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, எங்கடை உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கலங்கள். ஒண்டு ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும். அப்பிடித்தான் வளருறம், காயம் ஆறுறதும் அப்பிடித்தான். ஆனால் அளவோடை பிரியவேணும். அதைப் பாக்கிறதுக்கெண்டு ஒரு புரதம் இருக்கு. பிழையான கலத்தைக் கண்டால், 'காணும், போதும், இனிப் பிரியாதை, நில்' எண்டு மறிக்கும். அது பழுதாப் போச்செண்டால் மறிக்க ஆளில்லை. கலம் தன்ரை பாட்டிலை பெருகும்."

"அதுக்கு என்ன பேர் பிள்ளை?"

"பேரெண்டு இல்லை மாமி. பஸ்ஸுக்குப் போடுற மாதிரி ஓர் எழுத்தும் ஒரு நம்பரும். முதல் இதைத்தான் புற்றுநோயை உண்டாக்கிற கள்ளனெண்டு நினைச்சவையாம். இப்பத்தான் இது காவற்காரன் எண்டு கண்டுபிடிச்சிருக்கினம். எங்களுக்கே போனமாதம்தான் படிப்பிச்சவை."

"ஆர் கள்ளன், ஆர் காவற்காரன் எண்டு தெரியாதது எங்கடை ஊரிலை மட்டும்தான் எண்டு நினைச்சன்" என்றேன் நான்.

"சத்தம் போடாதேங்கோ, ஒழுங்கையிலை ஆக்கள் போகினம்" என்றாள் மனைவி.

மருமகள் போன பிறகு கிணற்றடிக்கு வந்து கும்பிட்டேன். கேட்டே பழகிய வாய் எனக்கு. மழை தா, வெங்காயத்துக்கு விலை தா, பிள்ளையைச் சோதனையில் பாஸாக்கு என்று, பெருக வேண்டியதைப் பற்றித்தான் முருகனோடு கதைத்திருக்கிறேன். 'காணும் முருகா, இனி ஒன்றும் வளர வேண்டாம்' என்று சொன்னது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு நிமிர்ந்தால் எதிரே நட்டுப் பத்து நாளும் ஆகாத வெங்காயப் பாத்தி. பயந்துபோய், 'நான் சொன்னது கழுத்துக்கு மட்டும்' என்று சேர்த்துச் சொன்னேன்.

பிறகு சண்டை தொடங்கியது. ரயில் நின்றது, பாதை பூட்டியது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி என்று ஒவ்வொன்றாக வராமல் போயின. எல்லோருக்கும் வராமல் போனவற்றோடு எனக்கு ஒரு விடையும் வராமல் போனது. கெதியாக வரும் என்று கொழும்புக்கு அனுப்பிய சதையின் விடை. பங்கருக்குள் ஊரே குண்டுக்குப் பயந்து இருக்கும். நான் குண்டுக்கும் பயந்து, வெட்டின இடத்தைத் தடவிக்கொண்டும் இருப்பேன். திரும்ப வளர்கிறதா? நேற்றையைவிடத் தடிப்பா? பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "அண்ணை, பல்லுக் கொதியோ?" என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன். மனைவி அந்த இடத்தைத் தொடமாட்டாள். சோறு போடும்போது பார்ப்பாள். பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

மழை தொடங்கியபிறகு ஒரு காலை, அவளின் தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படலைக்குள் வந்தான். பூநகரிப் பக்கத்தால் வந்து வள்ளத்தில் கடலேரியைக் கடந்திருக்கிறான். அரைவாசி ஆளாகியிருந்தான். தண்ணீர் குடிக்கமுன்னமே சொன்னான்:

"அத்தான், ஒண்டுமில்லையாம். வெறும் கொழுப்புக்கட்டியாம்."

"கடதாசி எங்கை?" என்றாள் மனைவி.

அவன் சட்டைப்பையில் இருந்து எடுத்தான். கடலேரி அதை எங்களுக்கு முன்னமே வாசித்து முடித்திருந்தது. நீலமாகக் கரைந்த மையும், ஒரு முத்திரையின் அரைவட்டமும்தான் மிச்சம்.

"வள்ளத்துக்குள்ளை இடுப்பளவு தண்ணி அக்கா. உயிர் வந்ததே காணாதோ?"

"நீ வாசிச்சனியோ?"

"டாக்குத்தர் வாயாலை சொன்னவர்."

"நீ ஏன் காதைச் சொறியிறாய்?"

"கடிக்குது சொறியிறன்!"

"சின்னனிலை இருந்து பொய் சொல்லேக்கைதான் உனக்குக் காது கடிக்கிறது."

"அக்கா, உப்புத்தண்ணியிலை நனைஞ்சு வந்திருக்கிறன். எனக்கு உடம்பெல்லாம் கடிக்குது. உடம்பு முழுக்கப் பொய்யோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. வருத்தக்காரனுக்கு முன்னால் 'ஒண்டுமில்லை' என்று சொல்வதுதான் எங்களூர் மரியாதை. சாகக் கிடக்கிறவருக்கும் அதையேதான் சொல்வோம். அவன் போன பிறகு அவள் குசினியில் அடுப்பை அணைத்தாள். பிறகு எழும்பிப் போய், எங்கள் மகன் குழந்தையாய் இருந்தபோது கட்டிய வெள்ளி அரைஞாணை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நேர்த்தியைச் செய்வம்."

"கொழுப்புக்கட்டியெண்டால் ஒண்டும் பிழைக்கேல்லையே. எதுக்கு உரு?"

"அவன் சொன்னது மெய்யெண்டால், அந்தப் புரதம் தன்ரை வேலையைச் செய்திருக்கு. வேலை செய்ததுக்குக் கூலி வேண்டாமோ? பொய்யெண்டால், இனியாவது செய்யட்டும்."

இரண்டுக்கும் ஒரே வெள்ளி. இப்படி ஒரு சிக்கனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நல்லூருக்குப் பக்கத்தில் நகை வேலை செய்யும் பத்தர் ஒருவர் இருந்தார். கண், கை, கால், தொட்டில் எல்லாவற்றுக்கும் அவரிடம் அச்சு உண்டு. எங்கள் கதையை முழுக்கக் கேட்டார்.

"தங்கச்சி, அது என்ன வடிவு?"

"தெரியாது. ஒரு சங்கிலி மாதிரியாம். மடிஞ்சு சுருண்டு கிடக்குமாம். மருமகள் சொன்னவள்."

"ஆரும் கண்ணாலை கண்டவையோ?"

"சிவபெருமானைக் கண்டிட்டோ லிங்கம் செய்தவை?"

பத்தர் நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அரைஞாணை அப்படியே உள்ளங்கையில் போட்டுக் கசக்கிச் சுருட்டி, அங்கங்கே பற்றவைத்துத் தந்தார். அச்சு வைத்து அடிக்கிற மனிதருக்கு அதைக் கையில் தரும்போது கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "பழைய வெள்ளியெண்டு ஆரும் உருக்கிப் போடுவினம், கவனம்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவியைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு தொண்டைமானாற்றுக்குப் போனேன். சந்நிதியில் பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார், பேச்சில்லை. அன்றைக்கு அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. தட்டில் வைத்ததைப் பார்த்தார், புருவம் மட்டும் ஒருதரம் எழும்பி இறங்கியது, எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பக்கத்தில் நின்ற பெண் விடவில்லை. "என்ன உரு அக்கா அது? பாம்போ?"

"இல்லை. எங்கடை உடம்புக்குள்ளை ஒண்டு இருக்காம். அளவு மிஞ்சினால் 'காணும், நில்' எண்டு சொல்லுமாம்."

"ஐயோ, என்ரை மனுசனுக்குள்ளை அது இல்லையக்கா. கள்ளுத் தவறணைக்குப் போனால் காணுமெண்டு சொல்ல ஆளில்லை. உதை எங்கை செய்விச்சனீங்கள்?"

மனைவி சிரிக்காமல், பத்தர் வீட்டுக்கு வழி சொன்னாள். சந்தியில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுவரை சொன்னாள்.

திரும்பி வரும்போது எதிர்காற்று. குனிந்து மிதித்தேன்.

"இஞ்சாருங்கோ, அவன் பொய் சொன்னவனோ?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஆனால் குடுத்தாச்சு. இனி அது முருகன்ரை வேலை. நீங்கள் உந்த இடத்தைத் தடவிப் பாக்கிறேல்லை."

ஓம் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ஹாண்டிலில் இருந்து என் வலக்கை தன்பாட்டில் எழும்பிக் கழுத்துக்குப் போயிற்று. சைக்கிள் ஆடியது. பின்னாலிருந்து அவள் முதுகில் ஒன்று போட்டாள்.

"கையைக் கீழை விடுங்கோ! கட்டியாலை இல்லை, இப்ப விழுந்துதான் சாகப்போறம்."

விட்டேன்.