பிளேனில் வந்தவர்களுக்கு ஓர் இலை

தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இன்று வவுனியாவில் அக்கா வீட்டில் படையல்.

அத்தானுக்கு ஒரு வாழையிலை. ஆட்டிறைச்சிக் கறி, பக்கத்தில் அவர் சுருட்டு.

கொஞ்சம் தள்ளி இன்னோர் இலை. அதில் சோறும், வெங்காயம் போடாத பருப்பும் மட்டும்.

"இது ஆருக்கு மாமி?" என்று கேட்டாள் அக்காவின் புது மருமகள்.

"பிளேனில வந்தவைக்கு," என்றார் அக்கா.

மருமகள் என்னைப் பார்த்தாள். அத்தான் கிளிநொச்சியில் விமானக் குண்டில் செத்தவர் என்பது அவளுக்குத் தெரியும்.

அத்தான் செத்ததற்கு அடுத்த வருடம், இடம்பெயர்ந்து வந்து இந்த வயலோரத்தில் கொட்டில் போட்டிருந்தோம். ஒருநாள் மதியம் விமானம் ஒன்று மிகத் தாழ வந்தது. தாழ வந்தால் குண்டு என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பதுங்குகுழிக்குள் குதித்தோம். பெரிய சத்தம் கேட்டது. அடுத்த குண்டுக்காகக் குனிந்தபடியே இருந்தோம்.

வெளியே வந்தால், வயலில் விமானமே எரிந்துகொண்டிருந்தது. தரையிறங்க வந்த சரக்கு விமானம். வரப்பெல்லாம் வெங்காயம். உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் தப்பவில்லை.

"குண்டு போட்டவை வேற, பிள்ளை. இவை வெங்காயம் கொண்டு வந்தவை," என்றார் அக்கா. "எங்கட வாசலில செத்ததுகள். வேற ஆர் படைக்கிறது? என்ன விருப்பம் எண்டுதான் தெரியேல்லை."

சரக்கு விமானம் ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். மதியம் என்ன சாப்பிடுவீர்கள்?

அடுத்த வருடம் அக்கா சமைப்பார்.